2.16 கோடி டாலர் வருமானம், 13.9 சதவீத வரி: மிட் ராம்னியின் கணக்கு சொல்லும் பாடம்

2012 அமெரிக்க அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி சார்பில் போட்டியிட்ட மிட் ராம்னி, தன் 2010ஆம் ஆண்டு வரிக் கணக்கை 2012 ஜனவரியில் வெளியிட்டார். வருமானம் ஏறத்தாழ 2.16 கோடி டாலர். மத்திய அரசுக்குக் கட்டிய வருமான வரி சுமார் 30 லட்சம் டாலர், அதாவது 13.9 சதவீதம். அப்போது வருமான வரியின் உச்ச விகிதமோ 35 சதவீதம். இந்த இடைவெளிக்குத் தந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. சட்டம் சொன்ன விகிதங்களை வரிசையாகப் போட்டாலே இந்த எண்ணுக்குப் பக்கத்தில் வந்து நிற்போம்.

அமெரிக்க வரிப் படிவம் வருமானத்தை இரண்டு தட்டுகளாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. கீழ்த்தட்டில் சம்பளம், வட்டி போன்றவை. அன்று அவற்றுக்கு 10 முதல் 35 சதவீதம் வரை ஆறு அடுக்குகள். மேல்தட்டில், ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்ற சொத்தில் கிடைத்த லாபமான மூலதன ஆதாயமும், நிறுவனங்கள் பங்குதாரர்களுக்குத் தரும் தகுதியுள்ள ஈவுத்தொகையும். எத்தனை கோடி வந்தாலும் இவற்றுக்கு 15 சதவீதம்தான். இதில் பலரும் கவனிக்காத ஒன்று, கழிவுகளின், அதாவது வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் தொகைகளின் வரிசை. நன்கொடை போன்ற கழிவுகள் முதலில் கீழ்த்தட்டைத்தான் குறைக்கும். ராம்னியின் 2010 கணக்கில் மூலதன ஆதாயம் சுமார் 1.25 கோடி, ஈவுத்தொகை 49 லட்சம், வட்டி 33 லட்சம் டாலர். நன்கொடை மட்டுமே ஏறக்குறைய 30 லட்சம். அதிக வரி விழவேண்டிய வட்டியின் பெரும்பகுதியை அந்த நன்கொடையே கரைத்துவிடும். மிஞ்சியதில் பெரும்பாலானது 15 சதவீதத் தட்டில் இருந்தது.

அந்த ஆதாயத்திலும் சுமார் 74 லட்சம் டாலர், அவருடைய சொந்த முதலீட்டுக்குக் கிடைத்த லாபம் அல்ல. 1984இல் அவர் மற்றவர்களுடன் சேர்ந்து தொடங்கிய பெயின் கேப்பிடல் போன்ற பிரைவேட் ஈக்விட்டி நிறுவனங்களில் (பிறர் பணத்தைத் திரட்டி நிறுவனங்களை வாங்கி விற்பவை), நிதியை நிர்வகிப்பவர்களுக்கு லாபத்தில் வழக்கமாக 20 சதவீதப் பங்கு உண்டு. இதற்கு ‘கேரீட் இன்ட்ரஸ்ட்’ என்று பெயர். பிறர் பணத்தை வைத்து 50 கோடி டாலர் லாபம் ஈட்டினால் நிர்வாகிகளுக்கு 10 கோடி. அதைச் சம்பளமாகக் கருதினால் 35 சதவீதப்படி 3.5 கோடி வரி. மூலதன ஆதாயமாகக் கருதினால் 1.5 கோடி. சட்டம் இரண்டாவது வழியை அனுமதித்தது. செய்த வேலைக்கான கூலிக்கு முதலீட்டாளருக்குரிய சலுகையைக் கொடுப்பது, என் பார்வையில், இந்த அமைப்பின் மிகப் பலவீனமான கண்ணி. ஈவுத்தொகைக்குச் சலுகை தருவதற்கு, நிறுவனம் ஏற்கெனவே வரி கட்டிவிட்டது என்ற வாதமாவது இருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க, 2012இல் 50,000 டாலர் சம்பளம் வாங்கிய, திருமணமாகாத ஒருவரை எடுத்துக்கொள்வோம். நிலையான கழிவு 5,950, தனிநபர் விலக்கு 3,800 போக வரிக்குரிய தொகை 40,250. முதல் 8,700க்கு 10 சதவீதம், 35,350 வரை 15, மீதிக்கு 25. மொத்தம் சுமார் 6,093 டாலர், அதாவது 12.2 சதவீதம். இதுவரை ராம்னியைவிடக் குறைவுதான். ஆனால் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்கும் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கும் சம்பளத்தில் பிடிப்பது அந்த ஆண்டுச் சலுகை போக 5.65 சதவீதம், அதாவது 2,825 டாலர். அதையும் சேர்த்தால் 17.8 சதவீதம். மூலதன ஆதாயத்தில் அந்தப் பிடித்தம் கிடையாது. “யார் அதிக வரி கட்டுகிறார்” என்ற விவாதங்களில் பாதி, இந்தப் பிடித்தத்தைச் சேர்ப்பதா விடுவதா என்பதிலேயே தடம் மாறிப்போகிறது.

செப்டம்பரில் வந்த ராம்னியின் 2011 கணக்கு இன்னும் விசித்திரமானது. வருமானம் 1.37 கோடி, வரி 19.4 லட்சம், விகிதம் 14.1. கொடுத்த நன்கொடை சுமார் 40 லட்சம். கழிவாகக் கோரியதோ 22.5 லட்சம் மட்டுமே. பத்தாண்டுகளாக எந்த ஆண்டிலும் 13 சதவீதத்துக்குக் குறையவில்லை என்று அவர் ஆகஸ்டில் சொல்லியிருந்தார். முழுக் கழிவையும் கோரியிருந்தால் விகிதம் அதற்குக் கீழே போயிருக்கும்.

இனி தேர்தலில் அவர் முன்வைத்த வரித் திட்டம். ஒவ்வொரு அடுக்கின் விகிதத்திலும் ஐந்தில் ஒரு பங்கு குறையும்: 35 இருந்தது 28 ஆகும், 25 இருந்தது 20, 10 இருந்தது 8. வாரிசுச் சொத்து வரி ரத்து. 2 லட்சம் டாலருக்குக் கீழ் வருமானமுள்ளவர்களுக்கு வட்டி, ஈவுத்தொகை, மூலதன ஆதாயத்துக்கு வரியே இல்லை. அதற்கு மேற்பட்டவர்களுக்குப் பழைய 15 சதவீதம் நீடிக்கும். இழக்கும் வருவாயைக் கழிவுகளைக் குறைத்து ஈடுகட்டலாம், நடுத்தர வர்க்கத்தின் சுமையும் ஏறாது என்றது ராம்னி தரப்பு.

சிக்கல் கணக்கிலேயே இருந்தது. டாக்ஸ் பாலிசி சென்டர் என்ற வரி ஆய்வு மையம் 2012 ஆகஸ்டில் போட்ட கணக்கில் 2015ஆம் ஆண்டு வருவாய் இழப்பு 36,000 கோடி டாலர். 2 லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் சலுகைகளை முதலில் முழுதாக எடுத்துவிட்டாலும், அவர்களுக்குக் கிடைக்கும் வரிக் குறைப்பில் 8,600 கோடி ஈடாகாமல் நின்றது. காரணம் இரண்டு. பணக்காரர்களின் மிகப் பெரிய சலுகையான 15 சதவீத விகிதத்தைத் தொடக்கூடாது என்று திட்டமே சொல்லிவிட்டது. இன்னொன்று நுட்பமானது: விகிதம் குறைந்தால் கழிவின் மதிப்பும் குறையும். 35 சதவீதத்தில் 100 டாலர் கழிவை நீக்கினால் அரசுக்கு 35 டாலர் வரும். 28 சதவீதத்தில் 28தான். ஹார்வர்டின் பொருளாதார நிபுணர் மார்ட்டின் ஃபெல்ட்ஸ்டைன், கணக்குச் சரிக்கட்டும் என்று வாதிட்டார். ஆனால் கழிவை இழப்பவர்களுக்கான வருமான எல்லையை அவர் 2 லட்சத்திலிருந்து 1 லட்சம் டாலருக்கு இறக்கியிருந்தார்.

அக்டோபரில் ராம்னி, ஒருவர் கோரும் கழிவுகளுக்கு 17,000 அல்லது 25,000 டாலர் உச்சவரம்பு வைக்கலாம் என்றார். அதே மையத்தின் கணிப்பில் 17,000 வரம்பு பத்தாண்டுகளில் 1.7 லட்சம் கோடி டாலரும், 25,000 வரம்பு 1.3 லட்சம் கோடியும் தரும். ஈடுகட்டவேண்டியதோ ஏறத்தாழ 5 லட்சம் கோடி.

தேர்தலில் அவர் தோற்றார். 2013 முதல் மிக அதிக வருமானம் உள்ளவர்களுக்கு மூலதன ஆதாய வரி 20 சதவீதமாகி, மேலே 3.8 சதவீத முதலீட்டு வருமான வரியும் சேர்ந்தது. கேரீட் இன்ட்ரஸ்ட் சலுகை மட்டும் பிழைத்துக்கொண்டது. 2017 வரிச் சட்டம், அதற்காகச் சொத்தை வைத்திருக்கவேண்டிய காலத்தை ஓராண்டிலிருந்து மூன்றாண்டாக்கியது. பிரைவேட் ஈக்விட்டி நிதிகள் வாங்கிய நிறுவனத்தைப் பெரும்பாலும் அதைவிட அதிக காலம் வைத்திருந்தே விற்பதால், அவற்றுக்கு அது பெரிய தடையாகவில்லை.