மீனுக்கு ஏது காலாவதி?

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ உணவு பாதுகாப்பு அலுவலர்கள் ஓட்டல்களில் சோதனை நடத்தினால் போதும், மறுநாள் செய்தியில் 'காலாவதியான கோழிக்கறி பறிமுதல்', 'காலாவதியான மீன் அழிப்பு' என்று வந்துவிடும். எத்தனை தடவைதான் இதைப் படிப்பது? கறிக்கடையில் வெட்டி வாங்கிய கோழியில் யார் தேதி அச்சடித்தார்கள்? குளச்சலில் கரையேறிய சாளை மீனுக்கு எந்த நாள் எல்லை?

காலம், அவதி இரண்டும் வடசொற்கள். அவதி என்றால் எல்லை. காலாவதி என்பது கால எல்லை, அவ்வளவுதான். புரோநோட்டு எழுதி மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போடாமல் விட்டால் 'நோட்டு காலாவதியாயிட்டு' என்பார்கள். சரியான பேச்சு. அங்கே ஓர் எல்லை இருந்தது, தாண்டிவிட்டது. பால்பவுடர் டப்பாவுக்கும் மாத்திரை அட்டைக்கும் அது பொருந்தும். எல்லையே குறிக்காத பொருளுக்கு அந்தச் சொல்லை ஒட்டுவதுதான் பிழை.

உணவு கெடுவதற்குத் தமிழில் சொல் இல்லையா என்ன? சாம்பார் ஊசிப்போகும். பால் திரியும். மாவு புளிக்கும். மீன் அழுகும். ரொட்டியில் பூசணம் பூக்கும். தேங்காயும் எண்ணெயும் காறும். நேந்திரங்காய் சிப்ஸை வாயில் போட்டதுமே, காறிய எண்ணெயில் பொரித்ததா என்று நம் ஊர்க் குழந்தைகூடச் சொல்லிவிடும். இந்த ஒவ்வொரு சொல்லிலும் என்ன நடந்தது என்பது அடங்கியிருக்கிறது. மூக்குக்கும் நாக்குக்கும் தெரிந்த இத்தனை சொற்களையும் தூக்கிப் போட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே 'காலாவதி'. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டம்கூட, பாதுகாப்பற்ற உணவு எது என்று சொல்லும் இடத்தில் அழுகியது, சிதைந்தது, புழு பூச்சி பிடித்தது என்றே விரிக்கிறது. சட்டத்துக்கு இருக்கும் நிதானம் செய்தி எழுதுகிறவருக்கு வேண்டாமா?

இதனால் வரும் கேடு சிறிதல்ல. பூசணம் பிடித்த ரொட்டிப் பொதியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கடைக்காரர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தேதி இன்னும் ரெண்டு நாள் இருக்குல்லா சார்" என்றார். கண்ணுக்குத் தெரியும் பச்சைப் பூசணத்தைவிட அச்சடித்த எண் அவருக்குப் பெரிதாகிவிட்டது. காலாவதி ஒன்றுதான் குற்றம் என்று படித்துப் படித்து வந்த வினை இது.

தமிழ்ப்பற்று மிக்க நண்பர் ஒருவர் காலாவதி தேதிக்குக் 'கெடுநாள்' என்று ஒரு சொல் உருவாக்கி வைத்திருக்கிறார். தவணை என்ற பொருளும் கெட்டுப்போதல் என்ற பொருளும் ஒன்றாக அமைகிறதாம். அந்த இரட்டைப் பொருள்தான் அதன் குறை. தவணை முடிந்த அன்றே பொருள் கெட்டுவிடும், அதுவரை கெடாது என்ற தவறான எண்ணத்தைச் சொல்லே விதைக்கும். அதோடு, கெடுநாள் என்று காதில் விழுந்தால் நம் பாட்டிமார் 'எந்தக் கிழமை, ராகுகாலமா' என்றுதான் கேட்பார்கள். வடசொல்லை விலக்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் வாங்குகிறவருக்கு விளங்காத தூய சொல்லால் யாருக்குப் பயன்?

இன்னொரு கூட்டம் 'பழைய உணவு' என்று எழுதுகிறது. களியக்காவிளைக்கு அப்பால் மலையாளச் செய்தியில் 'பழகிய' என்றால் நாள்பட்டுக் கெட்டது. அதைக் கேட்டுக் கேட்டு இங்கே 'பழைய' ஆக்கிக்கொண்டார்கள் போலிருக்கிறது. பழங்கஞ்சி குடித்து வயலுக்குப் போன மண்ணில் பழையது எப்படிக் கெட்டதாகும்?

அச்சடித்த தேதிக்கு 'இறுதி நாள்' போதும். அது தாண்டிய பொதி 'நாள் கடந்தது'. மற்றதையெல்லாம் அழுகியது, ஊசியது, காறியது என்று உள்ளபடி எழுதுங்கள். அழுகாமலிருக்க ஃபார்மலின் என்ற நச்சு வேதிப்பொருள் தெளித்த மீனைப் பிடித்தால் அதற்கும் 'காலாவதி' போடாதீர்கள். அழுகாமல் பளபளவென்று கிடப்பதுதான் அதன் ஆபத்து. 'ஃபார்மலின் கலந்த மீன்' என்றே தலைப்பில் வரட்டும்.