ஐடிஐ முடிச்சா பிளஸ் டூவுக்கு சமம்தான், ஆனா பேப்பர் கைல இருக்கணும்

பத்தாவது முடிச்சு ரெண்டு வருஷம் ஐடிஐல ஃபிட்டரோ எலக்ட்ரீஷியனோ படிச்சு பாஸ் ஆன பையன்கிட்ட "பிளஸ் டூ மார்க் ஷீட் எங்க"ன்னு கேட்டு திருப்பி அனுப்புறது தமிழ்நாட்டுல ரொம்ப காலமா நடக்குது. இத சரி பண்ணத்தான் சில வருஷம் முன்னாடி அரசு ஒரு ஆணை போட்டாங்க. எட்டாவது பாஸ் பண்ணி அதுக்கு மேல ரெண்டு வருஷ ஐடிஐ முடிச்சவங்க, பத்தாவது பொதுத்தேர்வுல தமிழும் இங்கிலீஷும் மட்டும் எழுதி பாஸ் பண்ணா பத்தாவதுக்கு சமம். பத்தாவது பாஸ் பண்ணி அதுக்கு மேல ரெண்டு வருஷ ஐடிஐ முடிச்சவங்க, பன்னெண்டாவதுல அதே ரெண்டு மொழிப்பாடம் எழுதினா பிளஸ் டூவுக்கு சமம். ஆணை இவ்வளவுதான். இப்படி சமம்னு சொல்ற சமச் சான்றிதழ கைல வாங்குறதுக்குள்ள பசங்க படுற பாடுதான் பெருசு.

முதல் அடி விழுறது சேரும்போதே. "ஐடிஐ படிச்சா பிளஸ் டூ கிடைச்சிரும்"னு யாராவது சொல்லக் கேட்டு வெல்டர்லயோ கம்ப்யூட்டர் ஆபரேட்டர்லயோ சேர்ந்துடுறாங்க, அதெல்லாம் ஒரு வருஷ ட்ரேடு, ஆணை பேசறது ரெண்டு வருஷத்தப் பத்தி. வேலைக்கு வெல்டர் நல்ல ட்ரேடு, அதுல சந்தேகமே இல்ல, ஆனா இந்த சமச் சான்றிதழ நம்பி சேர்றீங்கன்னா அட்மிஷன் அன்னைக்கே "இது எத்தனை வருஷம்"னு கேட்டுட்டு கையெழுத்து போடுங்க. ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன், வயர்மேன் எல்லாம் ரெண்டு வருஷம்.

அடுத்தது "அதுக்கு மேல"ங்கிற ஒரு சொல்லு. எட்டாவது சர்டிபிகேட் வச்சு வயர்மேன்ல சேர்ந்துட்டு, நடுவுல பத்தாவத தனித்தேர்வரா எழுதி பாஸ் பண்ண பையன், நம்மகிட்ட பத்தாவதும் இருக்கு ஐடிஐயும் இருக்கு, அப்போ பிளஸ் டூ சமம்தானேன்னு போய் நிப்பான். பத்தாவது பாஸ் பண்ண பிறகு சேர்ந்து படிச்ச ஐடிஐயத்தான் அதுக்கு கணக்குல எடுப்பாங்க, இவனோடது அதுக்கு முன்னாடி சேர்ந்தது. தேதி பாத்து திருப்பி விட்டுருவாங்க, ஏன்னு கூட சொல்ல மாட்டாங்க.

தனியார் ஐடிஐன்னா இன்னொண்ணும் பாக்கணும். நீங்க சேர்ற ட்ரேடுக்கு மத்திய அரசு அங்கீகாரம் (என்சிவிடின்னு சொல்வாங்க) இருக்கான்னு பாருங்க, போர்டுல எழுதியிருக்கிறத நம்பாதீங்க, ஒரே ஐடிஐல ஒரு ட்ரேடுக்கு இருக்கும், இன்னொண்ணுக்கு இருக்காது. முடிக்கும்போது உங்களுக்கு வர வேண்டியது தேசிய தொழிற் சான்றிதழ், அதாவது என்டிசி. அவங்களே பிரிண்ட் போட்டு சீல் குத்தி குடுக்குற கோர்ஸ் கம்ப்ளீஷன் பேப்பர வச்சு ஒண்ணும் நடக்காது.

பேரு விஷயத்துல நான் பாத்த பசங்கள்ல பாதிப்பேரு மாட்டியிருக்காங்க. பத்தாவது மார்க் ஷீட்ல இனிஷியல் முன்னாடி, ஆதார்ல பின்னாடி, என்டிசில இனிஷியலே இல்லாம வெறும் பேரு. நமக்கு மூணும் ஒரே ஆளு, ஆபீஸ்ல இருக்கறவருக்கு மூணு பேரு. ஐடிஐல படிக்கும்போதே ஆன்லைன்ல ஏத்துன விவரத்த வாங்கிப் பாத்து பத்தாவது மார்க் ஷீட்ல இருக்கிற மாதிரியே மாத்திக்குங்க (எட்டாவதோட சேர்ந்தவங்க டிசில இருக்கிற மாதிரி). முடிச்ச பிறகு மாத்தணும்னா அந்த வேலை டெல்லி போர்ட்டல் வரைக்கும் போகும், இங்க இருக்கிற ஆளு "நான் அனுப்பிட்டேன், அங்கதான் நிக்குது"ன்னு சொல்லிட்டே இருப்பாரு.

சரி, எல்லாம் சரியா இருக்கு, இப்ப எங்க போறது? இங்கதான் அலையவிடுவாங்க. பரீட்சை நடத்தறது அரசுத் தேர்வுகள் இயக்ககம், அது பள்ளிக்கல்வித் துறை. ஐடிஐ வர்றது வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறைல. பழைய ஸ்கூல் ஹெச்எம்கிட்ட போனா ஐடிஐல கேளும்பாரு, ஐடிஐல போனா அது ஸ்கூல் சமாச்சாரம்பாங்க. ரெண்டு பேர் கிட்டயும் நேரம் போக்காதீங்க. பரீட்சைக்கு தனித்தேர்வரா பதிவு பண்றது அரசுத் தேர்வுகள் சேவை மையத்துல, இதுக்கும் இ-சேவை மையத்துக்கும் சம்பந்தமில்ல, பேரு ஒரே மாதிரி இருக்கறதால நெறைய பேரு அங்க போய் லைன்ல நின்னுட்டு வர்றாங்க. சேவை மையம் எந்தெந்த ஸ்கூல்லன்னு மாவட்ட வாரியா இயக்கக வெப்சைட்லயே போடுவாங்க. தேதி விட்டா தக்கல்ல எக்ஸ்ட்ரா பணம் கட்டணும், அதையும் விட்டா அடுத்த தேர்வுதான். பாஸ் ஆன பிறகு சமச் சான்றிதழுக்கு விண்ணப்பம், விவரம் எல்லாம் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துல. மொழிப்பாடம் பாஸ் ஆனதோட வேலை முடிஞ்சுதுன்னு வீட்ல உக்காந்துடாதீங்க, அந்த ரெண்டு பேப்பர் மார்க் ஷீட்ட மட்டும் நீட்டுனா "மீதி சப்ஜெக்ட் எங்க"ன்னுதான் கேப்பாங்க.

டிஎன்பிஎஸ்சி பக்கம் போறவங்க ஒண்ணு நல்லா மனசுல வச்சுக்குங்க. அங்க கல்வித் தகுதி அறிவிக்கை வர்ற தேதிக்கே இருக்கணும். "பரீட்சை எழுதிட்டேன் சார், சர்டிபிகேட் அடுத்த மாசம் வந்துரும்" எல்லாம் செல்லாது. குரூப் 4 வரும்போது பாத்துக்கலாம்னு தள்ளிப் போடுறவங்கதான் இதுல அடிபடுறாங்க, சர்டிபிகேட் வெரிஃபிகேஷன் வரைக்கும் போய் அங்க விழுந்தா எவ்வளவு வலிக்கும்.

இத வச்சு என்ன முடியாதுன்னும் யாரும் சொல்றதில்ல. கணக்கு, பிசிக்ஸ், பயாலஜி மார்க் கேக்குற எந்த கோர்ஸுக்கும் இது உதவாது, உங்ககிட்ட அந்த மார்க்கே இல்லையே. இஞ்சினியரிங் ஆசை இருந்தா இந்த வழியே வேண்டாம். பத்தாவதுக்கு மேல ரெண்டு வருஷ ஐடிஐ முடிச்சவங்க பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாம் வருஷம் சேரலாம், அதுக்கு மொழிப்பாடம் எழுதத் தேவையே இல்ல, அப்புறம் டிப்ளமா முடிச்சு பி.இ. ரெண்டாம் வருஷம். இது தெரியாம மொழித்தேர்வுக்குன்னு உக்காந்து ஒரு வருஷத்த விட்ட பசங்க இருக்காங்க.

படிக்கும்போது வர்ற காசையும் விடாதீங்க. அரசுப் பள்ளில படிச்சு வந்த பொண்ணுங்களுக்கு 2022-ல வந்த புதுமைப் பெண், பசங்களுக்கு 2024-ல வந்த தமிழ்ப் புதல்வன், ரெண்டுலயும் மாசம் 1,000 ரூபாய், ஐடிஐக்கும் உண்டு. பதிவு பண்ண வேண்டியது ஐடிஐதான், நீங்க இல்ல. வரலன்னா மொதல்ல பேங்க் அக்கவுன்ட்ல ஆதார் சேர்ந்திருக்கான்னு பாருங்க, சேர்ந்திருந்தா அப்புறம் ஐடிஐல போய் "என் பேர ஏத்துனீங்களா"ன்னு கேளுங்க.

எங்கயாவது "இதெல்லாம் செல்லாது"ன்னு வாயால சொன்னா, அதையே எழுதிக் குடுங்கன்னு கேளுங்க. எழுத மாட்டாங்க. நீங்க எழுதிக் குடுத்து அக்னாலெட்ஜ்மென்ட் வாங்குங்க, பதில் வரலன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாள், இல்லன்னா 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமைச் சட்ட மனு. மனுவுல கதையெல்லாம் வேண்டாம், எந்த தேதில எந்த விண்ணப்பம் குடுத்தீங்க, அது இப்ப யார் டேபிள்ல இருக்கு, இத மட்டும் கேளுங்க.