பாஸ்போர்ட்டில் ‘ஷைர்’ என்று போட்டிருந்தால் போதுமா?

இங்கிலாந்தில் குதிரை வைத்தியம் பார்க்கிறேன். வாங்குவதற்கு முந்தைய பரிசோதனைக்குப் போனால், குதிரையின் பாஸ்போர்ட்டை, அதாவது அதன் அடையாளப் புத்தகத்தை, கையில் வைத்துக்கொண்டு “பேப்பரெல்லாம் பக்கா” என்று நிற்பவர்கள்தான் அதிகம். பல நேரம் அந்தப் பேப்பர் பாதிக்கதைதான் சொல்லும்.

பாஸ்போர்ட்டும் கழுத்தில் மைக்ரோசிப்பும் சட்டம் கேட்பவை. 2020 அக்டோபர் முதல் இங்கிலாந்தில் வயதான குதிரைக்கும் சிப் கட்டாயம். ஆனால் அடையாளத்துக்காக மட்டும் தரும் பாஸ்போர்ட் ஆதார் அட்டை மாதிரி. குதிரை எது என்று சொல்லும், வம்சத்துக்குப் பொறுப்பேற்காது. ‘இனம்’ என்ற கட்டத்தில் ஷைர் (பாரம் இழுக்கும் பெரிய குதிரை இனம்) என்றிருந்தாலும், அது பெரும்பாலும் விண்ணப்பித்தவர் சொன்னதுதான். வம்சத்துக்குச் சாட்சி, இனச் சங்கத்தின் ஸ்டட் புக், அதாவது வம்சப் பதிவேடு.

ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு கறார் உண்டு. 1878இல் தொடங்கிய ஷைர் சங்கம், ஆண் குதிரைக்கு 17 ஹேண்ட் உயரமாவது எதிர்பார்க்கும், பெட்டைக்கு 16. ஒரு ஹேண்ட் நாலு அங்குலம். செம்பழுப்பு நிற ஷைர் ஆண் குதிரைக்கு அங்கே இடமில்லை. இன்னொரு பாரக் குதிரையான சஃபோக் இனத்திலோ செம்பழுப்பைத் தவிர வேறு நிறமே கிடையாது!

அதிகம் ஏமாறுவது காப் வாங்குபவர்கள். கட்டுமஸ்தான உடம்பு, குட்டைக் கால் என்றால் சந்தையில் எல்லாமே காப்தான். வெல்ஷ் காப் அப்படியல்ல. 1901இல் தொடங்கிய வெல்ஷ் போனி (சிறு குதிரை), காப் சங்கத்தின் பதிவேட்டில் அது ‘செக்‌ஷன் டி’. உயரம் 13.2 ஹேண்டைத் தாண்ட வேண்டும், மேலே வரம்பில்லை. (13.2 என்பது பதின்மூன்று ஹேண்டும் இரண்டு அங்குலமும். தசமமாகக் கணக்குப் போடாதீர்கள்.) அந்த உயரத்துக்குள் நிற்கும் காப் வகைப் போனி ‘செக்‌ஷன் சி’. கறுப்பு வெள்ளைத் திட்டோடு, குளம்பு மறையும்படி மயிர் தொங்கும் குதிரையைக் காட்டி “சுத்தமான செக்‌ஷன் டி” என்றால் சந்தேகப்படுங்கள். அது அநேகமாக ஜிப்ஸி காப். நல்ல குதிரைதான், ஆனால் பதிவேடு வேறு. வெல்ஷ் ரத்தம் எட்டில் ஒரு பங்காவது இருப்பதை நிரூபித்தால் கலப்பினப் பதிவுக்கு வழியுண்டு.

இந்தக் கால்மயிர் எங்களுக்கும் வேலை வைக்கும். பாஸ்போர்ட்டுக்கான படத்தில் வெள்ளைப் பகுதியைச் சிவப்பு மையிலும், மயிர்ச்சுழியைக் கறுப்பு மையில் பெருக்கல் குறியாகவும் போட வேண்டும். காப்பின் காலில் வெள்ளை எங்கே முடிகிறது என்று பார்க்க, மயிரை நனைத்து ஒதுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். நின்ற இடத்திலிருந்தே வரைந்த படம் பிறகு குதிரையோடு பொருந்தாது. வாங்கும்போது சிப் எண்ணின் 15 இலக்கத்தையும் ஸ்கேனரில் படித்துப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடச் சொல்லுங்கள். அடர்ந்த பிடரிக்கும் தடித்த கழுத்துக்கும் நடுவே சிப் சட்டென்று சிக்காது. பொறுமையாகத் தேட வேண்டும்.

குட்டி வாங்குகிறீர்களா? தகப்பன் பக்கத்தை முதலில் விசாரியுங்கள். சங்கத்தின் உரிமம் பெற்ற ஆண் குதிரையா, இணைசேர்ப்புச் சான்றிதழ் கையில் இருக்கிறதா? தாய் எவ்வளவு பெரிய வம்சமாக இருந்தாலும், இவை இல்லாவிட்டால் முழுப் பதிவு கிடைப்பது கஷ்டம். மரபணுச் சோதனை கேட்டால் பிடரி மயிரை வேரோடு பிடுங்கி அனுப்ப வேண்டும். கத்தரித்த மயிர் உதவாது.

“பதிவுதானே, வாங்கினதும் நீங்களே பண்ணிக்கலாம்” என்று விற்பவர் சொன்னால், பதிவில்லாத குதிரைக்கான விலையைப் பேசுங்கள்.