இல்லத்தில் வளரும் பிள்ளைக்கு யார் யார் பொறுப்பு?

குழந்தைகள் இல்லத்தில் பிள்ளையைச் சேர்த்துவிட்டால் இனி எல்லாம் இல்லத்தின் பாடு என்று பலரும் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, இல்லம் என்பது வேறு வழியே இல்லாதபோது செய்யும் கடைசி ஏற்பாடு. பிள்ளை அங்கே இருக்கும் நாளெல்லாம் நாலைந்து தரப்புக்கு வேலை உண்டு.

பிள்ளையை இல்லத்தில் சேர்க்க உத்தரவிடுவது குழந்தைகள் நலக் குழு. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரம் இதற்கு உண்டு. பராமரிப்பு தேவைப்படும் பிள்ளையை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். 'தெரிந்த இல்லம்தானே' என்று நேராகக் கொண்டுபோய் விடுவது முறையல்ல. பதிவு பெறாமல் இல்லம் நடத்துவதோ தண்டனைக்குரிய குற்றம்.

இதில் நான் பெரிதாக நினைப்பது ஒரு கோப்பு: தனிநபர் பராமரிப்புத் திட்டம். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக, அந்தப் பிள்ளையிடம் பேசித்தான் இதைத் தயாரிக்க வேண்டும். பையன் இரவில் தூங்குவதில்லை என்பது இல்லத்தில் பார்த்துக்கொள்பவருக்குத் தெரியும். வகுப்பில் தூங்கி வழிகிறான் என்பது ஆசிரியருக்குத் தெரியும். அவனுடைய அம்மா சில மாதமாக வரவில்லை என்பது குடும்ப நிலையை விசாரிக்கும் நன்னடத்தை அலுவலருக்குத் தெரியும். மூன்றும் ஓரிடத்தில் சேராவிட்டால் 'படிப்பில் ஆர்வமில்லை' என்ற ஒற்றை வரியோடு கதை முடிந்துவிடும். எல்லாப் பிள்ளைகளின் கோப்பிலும் ஒரே வாசகம் இருந்தால் அங்கே திட்டம் இல்லை, வெறும் படிவம்தான் இருக்கிறது.

வறுமைதான் காரணம் என்றால் பிள்ளை வீட்டிலேயே வளர வழி இருக்கிறது. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் தரலாம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமமானால் 72,000 ரூபாய்க்கும், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மேல் போகக்கூடாது. கணவரை இழந்த தாய், கடும் நோயில் விழுந்த பெற்றோர், பெற்றோரை இழந்த பிள்ளையை வளர்க்கும் உறவினர் ஆகியோர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்க வேண்டியது இதைத்தான்.

இல்லத்தைக் கண்காணிக்க ஆய்வுக் குழு 3 மாதத்துக்கு ஒருமுறையாவது வர வேண்டும். அதில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவ அலுவலரும் கட்டாயம். 6 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள இல்லத்தில் பிள்ளைகளுக்கென்றே ஒரு குழு அமைக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. பலர் கவனிக்காத பிரிவு இது.

ஊராருக்கு ஒரு வார்த்தை. பிறந்தநாள் சாப்பாடு போட வருபவர்கள் பிள்ளைகளோடு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் இப்பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடைசெய்யும் பிரிவு 74இல் 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று இருக்கிறது. படம் வேண்டாம்.

18 வயது முடிந்து வெளியே வருபவருக்குப் பிற்காப்பு உதவி உண்டு. அதுவும் மாதம் 4,000 ரூபாய்தான். 21 வயது வரை, தேவைப்பட்டால் 23 வரை. இது தானாக வந்து சேராது. ஆதார், வங்கிக் கணக்கு, மாற்றுச் சான்றிதழ் எல்லாம் கையில் இருக்கிறதா என்று 17 வயதிலேயே இல்லமும் அலகும் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும்.