திரை இருண்டால் பூட்டு விழுந்ததாகாது

கோத்தகிரியில் கணினி பழுதுபார்ப்பது என் தொழில். தென்மேற்குப் பருவமழையில் மரக்கிளை முறிந்து கம்பியில் விழுந்து, மின்சாரம் போவதும் வருவதுமாக இருக்கும் ஆனி, ஆடி மாதங்களில், ஓர் அழைப்பு மட்டும் எனக்குத் தவறாமல் வரும்: “போட்ட கணக்கைக் காணோம் சார், நாங்க கம்ப்யூட்டரை ஆஃப்கூடப் பண்ணலையே!”

சென்ற ஆடியில், பச்சைத் தேயிலை எடைக் கணக்கு எழுதும் ஒருவர், நாற்பது பேரின் எடையை எக்செலில் ஏற்றிவிட்டு, சேமிக்காமலே சாப்பிடப் போயிருக்கிறார். மின்சாரத்தை மிச்சப்படுத்தவென்று அவரே வைத்திருந்தபடி ஐந்தாவது நிமிடம் கணினி ஸ்லீப் நிலைக்குப் போயிற்று. அடுத்து கரண்டும் போயிற்று. எக்செல் பத்து நிமிடத்துக்கொருமுறை தானாக எடுத்துவைக்கும் நகலில் கடைசி ஏழெட்டுப் பேரின் எடை இல்லை. ஸ்லீப்பில் இருக்கும்போது, திறந்து வைத்த வேலை முழுவதும் ராம் நினைவகத்திலேயே நிற்கிறது என்பதால், அதற்குச் சிறிதளவு மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தாக வேண்டும். மடிக்கணினிக்குப் பேட்டரி கைகொடுக்கும்; மேசைக் கணினிக்கு யுபிஎஸ்தான் கதி, அதிலும் இங்கு நான் பார்க்கும் யுபிஎஸ் பலவும் சத்தம் போட மட்டுமே லாயக்கு.

ஹைபர்னேட் என்ற இன்னொரு நிலை அப்படியன்று, நினைவகத்தில் உள்ளதை வட்டில் எழுதிவிட்டுக் கணினி அணைந்துவிடும், கரண்ட் நாள் முழுவதும் வராவிட்டாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். விண்டோஸ் 11இன் பவர் பட்டியலில் இது பெரும்பாலும் தென்படாது. கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில், பவர் பொத்தானின் வேலையைத் தீர்மானிக்கும் பக்கத்துக்குப் போய், மங்கலாகத் தெரியும் தேர்வுகளைத் திறக்கும் வரியை அழுத்திய பிறகே ஹைபர்னேட்டுக்கு டிக் போட முடியும். மழை மாதங்களில் மேசைக் கணினிக்கு இதையே நான் வைத்துக் கொடுக்கிறேன்.

பூட்டு தனிக்கதை. 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வர இ-பாஸ் என்ற இணைய அனுமதிச்சீட்டு கட்டாயமானதிலிருந்து, விருந்தினருக்காக அதைப் பதிவு செய்து கொடுக்கும் தங்கும் விடுதிகளின் கணினியில் வண்டி எண்ணும் கைபேசி எண்ணும் சேர்கின்றன. ஆதார் நகல்கள் முன்பே உண்டு. குன்னூர்ப் பக்கம் ஒரு விடுதியில், “திரைதான் அணைஞ்சுடுதே தம்பி, பூட்டு எதுக்கு?” என்று அதை நடத்தும் அம்மா கேட்டார். நான் மவுஸைத் தொட்டேன். ஒரு குடும்பத்தின் நான்கு ஆதார் அட்டைகள் வரிசையாக விரிந்தன. திரையை அணைக்கும் நேரத்தை மட்டும் வைத்தால் மேசைக் கணினி கடவுச்சொல் கேட்பதில்லை. ஸ்கிரீன் சேவர் அமைப்பில், திரும்பும்போது உள்நுழைவுத் திரையைக் காட்டும்படி டிக் போட்டு, காத்திருப்பு நேரத்தை ஐந்து நிமிடமாக வைக்க வேண்டும்; விண்டோஸ் பயனர் கணக்குக்குக் கடவுச்சொல்லே இல்லையென்றால் இதுவும் வீண். எழுந்து போகும்போது விண்டோஸ் பொத்தானுடன் எல் அழுத்துவது எல்லாவற்றையும்விட விரைவானது.

புளூடூத்தில் இணைத்த கைபேசி விலகிப்போனால் சற்று நேரத்தில் தானே பூட்டிக்கொள்ளும் டைனமிக் லாக்கையும் அங்கே வைத்துப் பார்த்தோம். வரவேற்பு மேசைக்குச் சுவர் தாண்டி அடுப்படி. அந்த அம்மா அடுப்படியில் நிற்கும்வரை கணினி அவர் அருகிலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டு திறந்தே கிடந்தது.