குண்டம் இறங்கும் காலுக்கு ஏன் சுடுவதில்லை?

ஆடி வந்தால் சேலத்து மாரியம்மன் கோயில்களில் குண்டம் இறங்குவார்கள், அதாவது தீ மிதிப்பார்கள். “கால் வேகாததற்கு இயற்பியலில் காரணம் உண்டென்றால், சாமி இல்லை என்றுதானே ஆகிறது?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஆகாது. ஆனால் அந்தக் காரணம் அத்தனை அழகு, முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

கங்கின் சூடு 500 டிகிரி செல்சியஸ் என்று கொள்வோம். இரண்டு பொருள்கள் தொடும் இடத்தில் எவ்வளவு சூடு நிற்கும் என்பது, எது எவ்வளவு விரைவாக வெப்பத்தை அள்ளிக் கொடுக்கும் என்பதைப் பொறுத்தது. வெப்பம் கடத்தும் திறன், அடர்த்தி, தன்வெப்ப ஏற்புத்திறன் (ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம்) மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்; அதுதான் அந்த விரைவின் அளவு. கரிக்குச் சுமார் 140, தோலுக்கு 1,100, எவர்சில்வருக்கு 7,700 வரும். கணக்குப் போட்டால் கங்கும் காலும் தொடும் இடத்தில் 90 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். அதே சூட்டில் உருக்காலையின் எவர்சில்வர் தகடு ஒன்றை மிதித்தால் 440!

90 டிகிரியும் சுடும்தான், கால் அங்கேயே நின்றால். ஒரு எட்டு வைக்க அரை விநாடி. அதற்குள் வெப்பம் தோலில் கால் மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இறங்கும். வெறுங்காலில் நடந்து பழகிய பாதத்தின் செத்த தோல் அதைவிடத் தடிப்பு.

எங்கே தவறும்? சுடர் அடங்காத கட்டை, பூத்த சாம்பலை முழுக்க விசிறிவிட்ட குண்டம், ஈரக்காலில் ஒட்டிய கங்கு, விரலில் மெட்டி, நடுவில் தடுமாறி நிற்பது.

“விரதம் இருந்தவரை நெருப்பு சுடாது, மற்றவரைச் சுடும்” என்றால் அதைச் சோதிக்கலாம். 1937-ல் இங்கிலாந்தில் நடந்த சோதனையில் விரதம் எதுவும் இல்லாத ஆங்கிலேயர் ஒருவர் பெரிய காயமின்றி நடந்து காட்டினார். பிரார்த்தனையையும் சோதித்தார்கள்: 2006-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், 1,802 இதய அறுவை நோயாளிகளிடம் பிறர் செய்த பிரார்த்தனையால் பலன் தெரியவில்லை. அதற்குச் செலவிட்ட பணம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன், ஒரு விடை கிடைத்ததே. ஆனால் எந்த அளவையும் மாற்றாத கடவுள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெப்பமானி ஒரே எண்ணைத்தான் காட்டும். அங்கே சோதனைக்கு வேலையில்லை.

கால் வெந்தவரை “விரதத்தில் குறை” என்று பழிப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பேச்சுக்கு அஞ்சிப் பலர் புண்ணை மறைக்கிறார்கள். வெந்த காலைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மஞ்சள், பற்பசை பூசாதீர்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் குண்டத்தில் இறங்கவே வேண்டாம். சுடுவதே அவர்களுக்குத் தெரியாது.