கருத்தடை மாத்திரை வேறு, கருக்கலைப்பு மாத்திரை வேறு: மறுப்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

தமிழ்நாட்டின் பல மருந்துக் கடைகளில் ஒரு பெண் தணிந்த குரலில் அவசரக் கருத்தடை மாத்திரை கேட்டால், "கலைக்கிற மாத்திரையெல்லாம் டாக்டர் சீட்டு இல்லாமல் தர மாட்டோம்" என்ற பதில் பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி வருகிறது. அவர் கேட்டது கலைக்கும் மாத்திரையே அல்ல. லெவோனார்ஜெஸ்ட்ரெல் 1.5 மில்லிகிராம் என்ற அந்த ஒற்றை மாத்திரை, கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போட்டுக் கரு உண்டாகாமல் தடுக்கிறது. ஏற்கெனவே தங்கிவிட்ட கருவை அது கலைக்காது, அதற்குத் தீங்கும் செய்யாது. இந்தியாவில் 2005 முதல் இதற்கு மருத்துவர் சீட்டு தேவையில்லை. சீட்டு கட்டாயம் வேண்டியது மைஃபெப்ரிஸ்டோனும் மைசோப்ரோஸ்டாலும் சேர்ந்த மாத்திரைப் பெட்டிக்குத்தான். தங்கிய கருவைக் கலைப்பது அதுதான்.

அவசரக் கருத்தடை மாத்திரையை உடலுறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் விழுங்க வேண்டும். நேரம் ஆக ஆகப் பலன் குறையும். ஆகவே கடைக்காரருடன் வாதாடி நேரத்தை இழக்காமல் அடுத்த கடைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செல்லுங்கள். மூன்று நாள் தாண்டிவிட்டாலும், ஐந்து நாளுக்குள் காப்பர்-டி என்ற, கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்பதைப் பலர் சொல்வதில்லை. அரசு மருத்துவமனையில் அது இலவசம், மாத்திரையைவிடப் பலனும் அதிகம். மாத்திரை போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று தேவை. மூன்று வாரத்தில் மாதவிடாய் வராவிட்டால் பரிசோதித்துவிடுங்கள்.

கரு தங்கிவிட்டது என்று தெரிந்தபின் வரும் அலைச்சல் வேறு வகை. மாத்திரையால் கலைப்பதற்கான ஒன்பது வார வரம்பு, கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணப்படுகிறது. நாள் தள்ளிப்போனதை ஒருவர் உணரும்போதே நான்கு வாரம் முடிந்திருக்கும். இது தெரியாமல் "இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது" என்று காத்திருந்தவர்கள் அறுவை முறைக்குத் தள்ளப்படுகிறார்கள். "அடுத்த செவ்வாய் வாருங்கள், அந்த டாக்டர் இன்று விடுப்பு" என்று திருப்பி அனுப்புபவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். வந்த தேதி, அன்றைய வாரக் கணக்கு, திருப்பி அனுப்பிய காரணம் மூன்றையும் ஓ.பி. சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்குபவர்கள் சில சமயம் அன்றே பார்த்தும் விடுகிறார்கள்.

கணவர் கையெழுத்து இல்லாமல் முடியாது என்பது அடிக்கடி கேட்கும் பொய். 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டப்படி 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டுமே போதும். சம்மதத்துக்கான படிவம் சி-யில் கணவர் கையெழுத்துக்கு இடமே கிடையாது. திருமணச் சான்று கேட்பதும் அப்படித்தான்: 2021 திருத்தம் 'பெண் அல்லது அவரது இணை' என்று சொல்வதால், கருத்தடை பலிக்காமல் கரு தங்கியது என்ற, கலைப்புக்குச் சட்டம் ஏற்கும் காரணம் மணமாகாதவருக்கும் பொருந்தும். குடும்பத்தினர் சம்மதம் போன்ற சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் விதிக்கக் கூடாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இருபது வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும்.

இதைவிடக் கொடுமை, "குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கோ காப்பர்-டிக்கோ ஒப்புக்கொண்டால்தான் கலைப்போம்" என்பது. சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகும் மறுத்தால் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்குப் புகார் எழுதுங்கள்.

18 வயதுக்குக் குறைந்தவருக்குப் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும்; சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி மருத்துவர் காவல்துறைக்குத் தெரிவிக்கவும் வேண்டும். ஆனால் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் பெயரையும் அடையாளத்தையும் அந்தத் தகவலில் சொல்ல வேண்டியதில்லை என்று அதே 2022 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கூறுகிறது. காவல்துறைக்குப் பெயர் போய்விடும் என்ற பயத்தில்தான் பல தாய்மார்கள் மகளை மருத்துவமனைக்கு அழைத்துவராமல், சீட்டு இல்லாமல் விற்பவரிடம் போகிறார்கள்.

அங்கே கிடைப்பது சரியான மாத்திரையாகவே இருந்தாலும், கரு கருப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கியிருந்தால் அதைக் கலைக்காது. குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்தாகும். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு நாப்கின் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தாலோ, ஒரு பக்க வயிற்று வலியுடன் மயக்கம் வந்தாலோ உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். எந்த மாத்திரையை, எப்போது போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.